டப்ளின் தேசிய நூலகத்தில் குத்தகைப் பேரேடுகள்

டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் அயர்லாந்து தேசிய நூலகத்தில் வாசகர் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. ஒரு காலத்தில் நிலப்பிரபுவும் அவருடைய ஏஜென்டும் மட்டுமே புரட்டிய எஸ்டேட் கணக்குகளை, அந்த அட்டை இருந்தால் யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கணக்கர் வேலை பார்க்கிற எனக்கு இதைவிட நல்ல விருந்து வேறு இல்லை.

நான் அதிகம் படித்தது ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் எஸ்டேட்டை வைத்திருந்த பேக்கன்ஹாம் மேஹன் குடும்பத்து ஆவணங்களை. குத்தகைப் பேரேட்டின் அமைப்பு நமக்குப் பழகியதுதான்: டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயர், குத்தகைதாரர் பெயர், பழைய பாக்கி, இந்தத் தவணை, வரவு, தள்ளுபடி, மீதி. ஓரத்தில் குறிப்புக்கு ஒரு பத்தி. அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். குத்தகைதாரர் இறந்தது, கப்பல் ஏறியது, நிலம் கைமாறியது எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

ஆனால் பாக்கிப் பத்தியைப் பார்த்து அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. பெரும்பாலும் மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தவணை. ஒரு தவணையை 'கேல்' என்பார்கள். பல எஸ்டேட்டுகளில் அரையாண்டுக் குத்தகையைப் பாக்கியாகவே நிற்க விடுவது வழக்கம். அதற்குப் பெயர் 'ஹேங்கிங் கேல்'. கணக்கில் வராக்கடன் போலத் தெரியும், ஆனால் அந்தக் குத்தகைதாரர் ஒழுங்காகக் கட்டி வந்தவராக இருப்பார். அதே பாக்கியைக் காட்டி, வேண்டாதவரை வெளியேற்றவும் முடியும். அதுதான் இந்த ஏற்பாட்டின் கொடுமை. இன்னொன்று: 1826க்கு முந்தைய தொகைகள் ஐரிஷ் நாணயத்தில் இருக்கும், 13 ஐரிஷ் பவுண்டு 12 பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம். ஏக்கரும் அப்படித்தான். ஐரிஷ் ஏக்கர் என்பது நமக்குப் பழகிய சட்டப்பூர்வ ஏக்கரில் சுமார் 1.62. இரண்டையும் சரிபார்க்காமல் கூட்டிக் கழித்தால் எல்லாம் தப்பாகும்.

இந்தப் பேரேடுகளுக்கு இத்தனை மதிப்பு வர ஒரு காரணம் உண்டு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதோடு போனது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது. முழுசாக மிஞ்சியது 1901இல் இருந்துதான். அதற்கு முன்பு ஒரு சாதாரண விவசாயியின் பெயர் எங்கே இருக்கும்? வரிப் பதிவேடுகளையும் கிரிஃபித் மதிப்பீட்டையும் (வரி போடுவதற்காக எடுத்த நில மதிப்புப் பட்டியல்) விட்டால், குத்தகைப் பேரேடுதான்.

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்துக் கடிதக் கட்டுகள் மனதைப் பிசையும். குத்தகைதாரர்களை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றுவது மலிவு என்று ஏஜென்ட் ஜான் ராஸ் மேஹன் கணக்குப் போட்டுக் காட்டினார். 1847இல் ஏறத்தாழ 1,490 பேர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏராளமானவர்கள் வழியிலேயே செத்தார்கள். அந்த நவம்பரில் நிலப்பிரபு டெனிஸ் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டல் சரியாக இருக்கிற ஒரு கணக்கு இவ்வளவு பெரிய அநியாயமாக இருக்க முடியும் என்பதை என் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

குறை என்றால் ஒன்று. அது நூலகத்தின் குறையில்லை, ஆவணத்தின் குறை. நிலப்பிரபுவுக்கு நேரடியாகக் குத்தகை கட்டியவர் பெயர்தான் பேரேட்டில் ஏறும். அவரிடம் உள்குத்தகை எடுத்தவரும், கூலிக்கு உழைத்துக் குடிசையில் இருந்தவரும் பெரும்பாலும் இல்லவே இல்லை. பஞ்சத்தில் அதிகம் செத்தது அவர்கள்தான். எஸ்டேட் கணக்கை மட்டும் படித்தால் பாதிக் கதைகூடத் தேறாது.

மீதிக்கு உள்ளூர் நிர்வாகப் பதிவுகளுக்குப் போக வேண்டும்: ஏழைகள் விடுதிகளை நடத்திய ஏழைகள் சட்ட யூனியன்களின் கார்டியன் குழு (நிர்வாகக் குழு) கூட்டக் குறிப்புகள். பல மாவட்ட நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இவை இருக்கின்றன. 4 பவுண்டுக்கு மேற்படாத மதிப்புள்ள நிலத்துக்கு ஏழைகள் நிவாரணத்துக்கான வரியை நிலப்பிரபுவே கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. சின்னக் குத்தகைதாரரை வெளியேற்றினால் அந்த வரி மிச்சம். 1847இல் வந்த கிரிகரி விதி இன்னும் மோசம்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் கிடையாது. பேரேட்டில் பெயர்கள் வரிசையாகக் காணாமல் போவதையும், அதே மாதங்களில் விடுதி நிரம்பி வழிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

அப்புறம், போகிறவர்களுக்கு: கையெழுத்துப் பிரதி அறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில்தான். நூலகத் தளத்தில் பெரிய எஸ்டேட்டுகளுக்கு விரிவான பட்டியல்கள் இலவசமாக இருக்கின்றன. அதை வீட்டிலேயே படித்து எண்களைக் குறித்துக்கொண்டு போனால் அங்கே நேரம் வீணாகாது. குடும்ப வேர் தேடுகிறவர்கள் டவுன்லேண்ட் பெயர் தெரியாமல் கிளம்ப வேண்டாம். முதலில் கிரிஃபித் மதிப்பீட்டில் அந்த ஊரில் யாருடைய நிலம் என்று பார்த்துவிட்டு, அந்த எஸ்டேட்டின் பேரேட்டைக் கேளுங்கள்.