மேசைக்கடியில் வயர்கள்: ஜிப் டையா, வெல்க்ரோவா, மூடிய பெட்டியா?

மேசைக்கடியில் தொங்கும் வயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்ததும், பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு பாக்கெட் ஜிப் டை, அதாவது இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் கட்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் முழுவதும் தரையில் மல்லாந்து படுத்தபடி, இரண்டு மானிட்டர், கணினி, ரவுட்டர், ஸ்பீக்கர், பிரின்டர் ஆகியவற்றின் 14 வயர்களையும் ஒரே கற்றையாகச் சேர்த்து, 12 இடங்களில் இறுக்கிக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மானிட்டரின் கேபிள் பழுதாயிற்று. அந்த ஒன்றை உருவி எடுக்க ஒன்பது கட்டுகளை வெட்ட வேண்டியிருந்ததோடு, ஏழாவது கட்டை வெட்டும்போது கட்டிங் பிளேயரின் நுனி பக்கத்திலிருந்த நெட்வொர்க் கேபிளின் மேலுறையையும் சேர்த்துக் கடித்துவிட்டது. ஒரு கேபிள் மாற்றப் போய், இரண்டு கேபிள் மாற்றினேன்.

அதன் பிறகு வெல்க்ரோ பட்டை, மேசைக்கடியில் திருகும் கம்பி வலை ட்ரே, மூடிய கேபிள் பெட்டி, துணிக் குழாய் உறை, ஒட்டும் கிளிப் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்து, கடைசியில் ட்ரேயும் வெல்க்ரோவும் சேர்ந்த ஏற்பாட்டில் நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். விலை, நிறம், தோற்றம் ஆகியவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. மேசைக்கடியை யாரும் குனிந்து பார்க்கப் போவதுமில்லை. நான் எல்லாவற்றையும் எடைபோட்டது ஒரே கேள்வியை வைத்துத்தான்: கட்டி முடித்த பிறகு ஒரே ஒரு வயரை மட்டும் வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கணினி மேசை என்பது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் இடம். புதிய கீபோர்டு வரும், பழைய ஹார்டு டிஸ்க் போகும், சார்ஜரை ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். ஜிப் டை இந்த மாற்றங்களுக்காக உருவானதல்ல. அது 1958இல், விமானங்களுக்குள் செல்லும் வயர்க் கற்றைகளைக் கட்டுவதற்காக வந்தது. அதற்கு முன் அந்த வேலையை மெழுகு பூசிய நூலால் கையாலேயே முடிச்சுப் போட்டுச் செய்தார்கள். ஒருமுறை கட்டினால் பல ஆண்டுகள் அசையக் கூடாது என்பதே அங்கே தேவை. அதன் பல் ஒரே திசையில்தான் நகரும் என்பதால், கை தவறி ஒரு பல் கூடுதலாக இறுகினாலும் தளர்த்த வழியில்லை. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் குறிப்பிட்ட முறுக்கில் பின்னப்பட்டிருக்கின்றன. உறை நசுங்கும் அளவுக்கு இறுக்கினால் அந்த அமைப்பு குலைந்து சிக்னலும் பாதிக்கப்படலாம். வளைப்பிலும் ஓர் எல்லை உண்டு: கேபிளின் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைக்க வேண்டும் என்பது கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் வகைக்கான வழக்கமான விதி. 6 மி.மீ. தடிமனுள்ள கேபிளுக்கு அது 24 மி.மீ. ஆகிறது.

வெல்க்ரோவின் கதை இதற்கு நேர் எதிரானது. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர், தம் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு செடியின் முட்காய்களைப் பார்த்து, அந்தக் கொக்கி அமைப்பைத் துணியில் கொண்டுவந்தார். 1955இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம் துணியில் நாயுருவி ஒட்டுவதும் இதே போன்ற பிடிமானம்தான். ஒட்டுவதும் பிரிப்பதும் எத்தனை முறையானாலும் சரி என்பதே அதன் சிறப்பு. ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் வளையமுமாக, சுருளாக விற்கும் பட்டையை வாங்கி, தேவையான நீளத்துக்குக் கத்தரித்துக்கொள்வது நல்லது. முன்பே வெட்டிய துண்டுகள் எப்போதும் ஒன்று குட்டையாகவோ ஒன்று நெட்டையாகவோ இருக்கும். மானிட்டர் கேபிளை மாற்றும் அதே வேலை இப்போது எனக்கு நான்கு நிமிடத்தில் முடிகிறது. எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை. குறை இல்லாமலில்லை: கொக்கிகளில் தூசியும் தலைமுடியும் சேர்ந்து பிடி தளர்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் ஓரளவு மீள்கிறது. நான் இதைப் பயன்படுத்துவது இரண்டு ஆண்டுகளாகத்தான். அதற்கு மேல் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல இயலாது.

ஆனால் கட்டுவது பாதி வேலைதான். கட்டிய கற்றை எங்கே கிடக்கிறது என்பது மீதி. ட்ரேக்குள், பல பிளக்குகளைச் செருகும் பவர் ஸ்ட்ரிப்பையும் அடாப்டர்களையும் வைத்துவிட்டால், என் மேசையிலிருந்து தரைக்கு இறங்குபவை ஒரு மின் வயரும் ஒரு நெட்வொர்க் கேபிளும் மட்டுமே. பெருக்கும்போது விளக்குமாறு எதிலும் சிக்குவதில்லை. பொருத்துவதில் கவனிக்க வேண்டியது ஸ்க்ரூவின் நீளம், 25 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூ போதும், அதை விட்டு 30 மி.மீ. எடுத்தால் முனை மேலே எட்டிப் பார்க்கும். கண்ணாடி மேசைக்கு விளிம்பில் கவ்வும் வகைதான் சரிப்படும்.

மூடிய பெட்டி தூரத்திலிருந்து பார்க்க மிக நேர்த்தியானது. ஆனால் அடாப்டர்கள் வெப்பம் கக்குபவை. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் நான்கைந்தை அடுக்குவது எனக்கு உடன்பாடில்லை. நீண்ட மின் வயரின் மிச்சத்தை அதற்குள் இறுக்கமாகச் சுருட்டித் திணிப்பதும் அதைப் போன்றதே: அதிக மின்சுமையில் சுருட்டிய வயர் சூடாகும். துணிக் குழாய் உறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், புதிதாக ஒரு வயரைச் சேர்க்க எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நுழைக்க வேண்டும். மானிட்டருக்குச் செல்லும் ஹெச்டிஎம்ஐ கேபிளின் தலை பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் பிளவு உள்ள உறை பரவாயில்லை. ஒட்டும் கிளிப்பை, மேசை விளிம்பில் போன் சார்ஜரின் நுனி கீழே நழுவாமல் பிடிக்க ஒன்றோ இரண்டோ வைத்திருக்கிறேன். தலைகீழாக ஒட்டிக் கற்றையைத் தாங்கச் சொன்னால், சில நாட்களில் ஒவ்வொன்றாக உதிர்கிறது.

உயரம் மாற்றக்கூடிய மேசையில் நான் வேலை செய்தது சில நாட்களே. அங்கே அசையும் எல்லாமும் பலகையோடு சேர்ந்து அசைய வேண்டும் என்பதால் ட்ரே இன்னும் அவசியமாகிறது என்று தோன்றியது. சுவருக்குச் செல்லும் வயரின் நீளத்தை, மேசையை முழு உயரத்துக்கு ஏற்றி வைத்துத்தான் அளக்க வேண்டும். உட்காரும் உயரத்தில் அளந்தால், எழுந்து நிற்கும் நாளில் பிளக் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஜிப் டையை நான் முற்றிலும் விட்டுவிடவில்லை. ட்ரேயின் கம்பி வலையோடு பவர் ஸ்ட்ரிப்பைப் பிணைத்திருப்பது அதுதான். அந்த இணைப்பை மாற்ற வேண்டிய காரணம் எதுவும் வருவதில்லை. வெட்டிய முனையை மட்டும் தலையோடு ஒட்ட நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை ட்ரேக்குள் கை விடும்போது மணிக்கட்டில் கீறிவிடும். கறுப்பு அடாப்டர்கள் அத்தனையும் ஒரே சாயலில் இருப்பதால், ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன். முதலில் ஒரு முனையில் மட்டும்தான் எழுதினேன். ஸ்பீக்கர் என்று நினைத்து ரவுட்டரைப் பிடுங்கிய பிறகு மறுமுனையிலும் எழுதினேன்.