ஓ.சி. குறிப்புள்ள 8-ஆ, குறிப்பில்லாத 7-ஆ?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்பவன் நான். சென்ற ஆண்டு இறுதியில் ஒரே அட்டையின் இரண்டு பிரதிகளில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1988-89 ஃபிளீர் கூடைப்பந்துத் தொகுப்பில் 20ஆம் எண்ணாக வந்த, கூடைப்பந்து வீரர் ஸ்காட்டி பிப்பனின் முதல் அட்டை அது. ஒரு பிரதிக்கு, அட்டைகளின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 8 என்று மதிப்பிட்டு, எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓ.சி. (ஆஃப் சென்டர்) என்ற இரண்டெழுத்தையும் சேர்த்திருந்தது. மற்ற வகையில் அட்டை எட்டுக்குத் தகுதியானது, அச்சு மட்டும் மையத்திலிருந்து விலகியிருக்கிறது என்பது அதன் பொருள். மற்றொன்று, முனைகள் சற்று மழுங்கியிருந்தாலும் எந்தக் குறிப்பும் இல்லாத 7. அமெரிக்காவில் வேலை செய்யும் என் மைத்துனர், சேலத்துக்கு வரும்போது எது வேண்டுமோ அதை வாங்கி வருவதாகச் சொல்லி இரண்டின் படங்களையும் அனுப்பியிருந்தார். விலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. நான் 7-ஐக் கேட்டேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

சென்டரிங், அதாவது படம் அட்டையின் நடுவில் அமைந்திருப்பதை அளப்பது எளிது. படத்தைச் சுற்றியுள்ள ஓரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து, மொத்தத்தில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் 3 மி.மீ., வலப்பக்கம் 2 மி.மீ. இருந்தால் 60/40, 4 மி.மீ., 1 மி.மீ. என்றால் 80/20. மேல், கீழ் ஓரங்களுக்கும் இதே கணக்குத்தான். பி.எஸ்.ஏ. அளவுகோலில் முன்பக்கம் 10 பெற ஏறக்குறைய 55/45 இருக்க வேண்டும். 8-க்கு 65/35 முதல் 70/30 வரை பொறுத்துக்கொள்வார்கள். 80/20 என்றால் குறிப்பு இல்லாமல் 6-க்கு மேல் போவது கடினம். பின்பக்கத்துக்குத் தாராளம் அதிகம், 10-க்கே 75/25 போதும். இந்த எண்களைத் திருப்பிப் பார்த்தால்தான் அவற்றின் கடுமை விளங்கும். இரு ஓரமும் சேர்ந்து 5 மி.மீ. உள்ள அட்டையில் படம் கால் மி.மீ. நகர்ந்தால் 55/45, ஒன்றரை மி.மீ. நகர்ந்தால் 80/20. 63.5 மி.மீ. அகலமுள்ள அட்டையில் அந்த ஒன்றேகால் மி.மீ. இடைவெளிதான் பத்தையும் ஆறையும் பிரிக்கிறது.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சின்னக்கடை வீதிப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம்தான் தெரிந்துகொண்டேன். பல அட்டைகளைப் பெரிய தாளில் ஒருசேர அச்சிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள். தாள் இயந்திரத்துக்குள் போகும்போது சற்று நகர்ந்தாலும், அடுக்கி வைத்த தாள்களைக் கட்டிங் மிஷின் அழுத்தும்போது ஒரு தாள் வழுக்கினாலும், அந்த வரிசையில் உள்ள அட்டைகள் எல்லாம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு வெளிவரும். தாள் சாய்ந்து போனால் ஓரமே கோணலாகிவிடும். "கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மில்லிமீட்டர் போனா எவனும் கேக்க மாட்டான் கண்ணு, இதுக்குப் போயி ஸ்கேல் வச்சுப் பாக்கறீங்களே" என்று அவர் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேறுபாடு தெளிவாயிற்று. முனை மழுங்குவது கைபட்டு வரும் குறை. மையம் விலகுவது பிறவிக் குறை. முன்னது நம் வீட்டிலும் வளரக்கூடும். பின்னது வளரவும் செய்யாது, குறையவும் செய்யாது.

ஓ.சி. என்ற குறிப்பைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. கறை, பேனா எழுத்து போன்றவற்றுக்கும் இதுபோன்ற எழுத்துகள் உண்டு. அட்டையை அனுப்புகிறவர் குறிப்பே வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்; அப்போது குறிப்பு போய் எண் இறங்கிவிடும். சேகரிப்பாளர்கள் தங்கள் தொகுப்புகளைப் பதிந்து ஒப்பிட்டுக்கொள்ள பி.எஸ்.ஏ. நடத்தும் தொகுப்புப் பதிவேட்டில் குறிப்புள்ள அட்டைக்கு எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்கிறார்கள். ஆகவே எனக்குக் காட்டப்பட்ட 8 அங்கே 6-ஆகத்தான் எண்ணப்படும். அட்டைகளை மதிப்பிடும் இன்னொரு நிறுவனமான பெக்கெட்டின் வழி வேறு: கேட்டுக்கொண்டால் சென்டரிங், முனைகள், விளிம்புகள், மேற்பரப்பு என நான்குக்கும் தனித்தனியே மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள். இறுதி எண் அவற்றின் சராசரி அன்று. மிகக் குறைந்த மதிப்பெண் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். குறை எதில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அது நேர்மையான முறை என்பது என் கருத்து.

இனி என்னைத் தீர்மானிக்க வைத்த காரணத்துக்கு வருகிறேன். அது மறுவிற்பனை. சேலம், ஈரோடு, கோவை என்று மூன்று ஊர்களையும் சேர்த்தாலும் இத்தகைய அட்டையை விலை கொடுத்து வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிடம் விற்பனை நேரில் தொடங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் படம் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவில் தெரியும்போதே 80/20 கண்ணில் குத்திவிடும். மழுங்கிய முனையோ படத்தைப் பெரிதாக்கி, அதிலும் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தால்தான் தெரியும். என் தாய்மாமா வெண்பட்டு வேட்டி வியாபாரம் செய்கிறவர். வாங்க வருகிறவர் வேட்டியை விரித்ததும் முதலில் கரையைத்தான் பார்ப்பார் என்றும், நூலின் தரத்தைத் தொட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் என்றும் அவர் சொல்வதுண்டு. அட்டையிலும் ஓரத்தைத்தான் கண் முதலில் அளக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் விலை பேசுவதில் இருக்கிறது. குறிப்பில்லாத 7 என்றால் அண்மையில் அதே அட்டை என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து இருவரும் ஒரு தொகைக்கு வந்துவிடலாம். குறிப்புள்ள 8-க்கு விற்கிறவர் எட்டின் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். வாங்குகிறவர் ஆறின் விலையிலிருந்து தொடங்குவார். நடுவில் நிற்பதற்கு இடமே இருக்காது. போதாக்குறைக்கு, 75/25 அட்டைக்கும் 90/10 அட்டைக்கும் அதே ஓ.சி.தான் போடப்படுகிறது. ஆகையால் ஒரு 8 ஓ.சி. விற்ற விலையை இன்னொரு 8 ஓ.சி.-க்கு அளவாகக் கொள்ள முடியாது. படத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டும். மதிப்பிட்ட அட்டையை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து, குறிப்பு வேண்டாம் என்று சொல்லி மீண்டும் மதிப்பீட்டுக்கு அனுப்பலாமே என்று மைத்துனர் யோசனை சொன்னார். இந்த விலையுள்ள அட்டைக்குப் போக்குவரத்தும் கட்டணமும் சேர்ந்து ஆதாயத்தைத் தின்றுவிடும்; வருவதும் 6-ஆகத்தான் இருக்கும்.

மதிப்பிடப்படாத அட்டை வாங்குகிறவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. ஓரம் ஒருபக்கம் அகலமாக இருந்தால் அதைச் சீவிச் சமன்செய்யும் ஆசை சிலருக்கு வரும். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் டி206 என்ற புகழ்பெற்ற பழைய அட்டை ஒன்றின் ஓரத்தைத் தாம் வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோவே 2013இல் ஒப்புக்கொண்டார். ஓரங்கள் சமமாக இருக்கின்றன என்று மகிழ்வதற்கு முன், பிப்பன் அட்டை போன்ற வழக்கமான அளவுள்ளவற்றில் அகலம் 63.5, உயரம் 88.9 மி.மீ. இருக்கின்றனவா என்று அளந்துவிடுவது நல்லது.

8-இன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. கூர்மையான முனையும் பளபளப்பும் வேண்டும், ஓரம் எப்படிப் போனாலும் கவலையில்லை என்பவருக்கு ஓ.சி. அட்டை மலிவான வழி. மையமாக வெட்டிய பிரதியே அரிதாகக் கிடைக்கும் பழைய தொகுப்புகளில் வாங்குகிறவர்கள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பார்களா என்பதில் எனக்கு உறுதியில்லை. அத்தகைய அட்டைகளை நான் கையாண்டதில்லை. நான் இதுவரை விற்றவை மொத்தம் நான்கு அட்டைகள்தான், அவற்றில் ஒன்றுதான் ஓ.சி. அது விலைபோக ஐந்து மாதம் ஆயிற்று என்பதை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் வேண்டாம் என்ற 8-ஐ மைத்துனர் தமக்கே வாங்கிக்கொண்டார். பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டில் தங்கியிருந்தபோது இரண்டு பெட்டிகளையும் மேசையில் அருகருகே வைத்து, எண்கள் தெரியாதபடி காகிதத்தால் மறைத்து, எது நல்ல அட்டை என்று என் மகளிடம் கேட்டோம். அவள் யோசிக்காமல் 7-ஐத் தொட்டாள். மைத்துனர் விடவில்லை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அவள் கையில் கொடுத்தார். இரண்டின் முனைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு 8-ஐத் தொட்டாள். லென்ஸோடு அட்டை வாங்க வருகிறவர் சேலத்தில் எத்தனை பேர் என்று நான் அவரைக் கேட்டேன்.