‘எய்த் ஜென்’ என்று சொல்லி விற்ற மினி பிசி: பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரீஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) மினி பிசி, அதாவது சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர், வாங்கலாம் என்று இருப்பவர்கள், காசை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அக்கா திருவள்ளூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தேர்வு விண்ணப்பம், கரண்ட் பில், பட்டா நகல் எல்லாம் அங்கேதான். அவருக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 15,500 ரூபாய்க்கு மினி பிசி வாங்கினேன். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்றவை கம்பெனிகள் மொத்தமாக வாங்கிச் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பெட்டிகள். கெட்டியான தயாரிப்பு. மின்சாரம் குறைவாக இழுக்கும் 35 வாட் புராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) என்பதால் யுபிஎஸ்ஸிலும் நேரம் தாங்கும். பெட்டியை நான் குறை சொல்லவே இல்லை. விற்ற ஆளைத்தான் சொல்கிறேன்.

“எய்த் ஜென் ஐ5 சார், பதினாறு ஜிபி, விண்டோஸ் லெவன் போட்டே தர்றோம்” என்று கடைக்காரர் வாட்ஸாப்பிலும் எழுதினார், நேரிலும் சொன்னார். எய்த் ஜென் என்றால் எட்டாம் தலைமுறை இன்டெல் புராசஸர். ஆன் செய்து காட்டினார். விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் ஐ5-8500டி என்றே இருந்தது. ஆப்டிபிளெக்ஸ் 3060 என்று ஸ்டிக்கர். வேகமாகவும் ஓடியது. வாங்கியாயிற்று.

அக்கா கடையில் அது நகரவே இல்லை. போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வரும், எஃப்1 அழுத்தினால்தான் விண்டோஸ் வரும். ஒரு பிடிஎஃப் திறக்க ஒரு யுகம். ஒரு பெண் விண்ணப்பத்தின் கடைசி நாளில் வந்து, போட்டோவை ஏற்ற முடியாமல் வேறு கடைக்கு ஓடினாள். அக்காவுக்கு அது பெரிய வருத்தம்.

ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி ஒருவர் வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். புராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸில் கிடந்தது. காரணம் அடாப்டர். டெல் பெட்டிகள் அடாப்டரை அடையாளம் பார்க்கும். தெரியாத அடாப்டர் என்றால் புராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். கறுப்புத் திரையில் வந்த செய்தி அதைத்தான் சொல்லியிருக்கிறது. கடையில் ஒரிஜினல் அடாப்டரைச் செருகிக் காட்டிவிட்டு, பார்சலில் லோக்கல் அடாப்டரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் கோர் (புராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள்) 4 என்று இருந்தது. 8500டி என்றால் 6 இருக்க வேண்டும். தம்பி ரீஸ்டார்ட் செய்து எஃப்2 தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே பெட்டி தன் விவரத்தைக் காட்டும் அமைப்புக்குள், போனார். அங்கே ஐ5-6500டி. மாடல் 3040. அதாவது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை 8500டி வந்தது 2018-இல். விண்டோஸ் ஆன் ஆகும்போதெல்லாம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, புராசஸர் பெயரை மாற்றி எழுதிவிடுகிறது. அவ்வளவு திட்டமிட்ட வேலை! மைக்ரோசாஃப்ட் கணக்கில் விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். இதில் அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியிருக்கிறார்கள். வருடாந்தரப் பெரிய அப்டேட் இதற்குத் தானாக வராது. சரி, விண்டோஸ் 10-க்கே திரும்பலாம் என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இதற்கு அடுத்தது. விண்டோஸைக் கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்ய ஏதோ ஒரு கிராக்கை (லைசென்ஸ் இல்லாமல் ஓடவைக்கும் திருட்டு புரோகிராமை) போட்டு, அதை ஆன்டிவைரஸ் பிடிக்காமல் இருக்க சி டிரைவ் முழுவதையும் ஆன்டிவைரஸ் பார்க்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் காவல்காரனை வைத்துவிட்டு, எந்த அறையையும் பார்க்காதே என்று சொன்ன மாதிரி. ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக்கும் அந்த டிரைவில்தான் வந்து போகின்றன. அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தோம். அதில் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

கடைக்காரரிடம் கேட்டால், “டெஸ்டிங் வாரண்டிதான் சார், ஓடுச்சுல்ல?” என்றார். கடையில் ஓட்டிக் காட்டியதோடு பொறுப்பு முடிந்தது என்று அர்த்தம். பில்லில் ‘ஐ5 மினி பிசி – 1’ என்பதோடு சரி, மாடலே இல்லை. வாங்கும்போதே எழுதச் சொன்னதற்கு, பில் போடும் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும் என்று சமாளித்தவர் அவர். எட்டாம் தலைமுறைக்கு மாற்ற இன்னும் 4,000 வேண்டுமாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரத்தையோ மாடலையோ பொய்யாகச் சொல்லி விற்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பக் கேட்கும்போது வாங்க மறுப்பதும் அதில் அடங்கும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். வாட்ஸாப் செய்தி, பயாஸ் திரையின் போட்டோ, பில் மூன்றையும் இணைத்தேன். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நீங்கள் போகும்போது, விண்டோஸ் காட்டுவதை நம்பாதீர்கள். பயாஸைத் திறக்கச் சொல்லி, புராசஸரின் முழு எண்ணையும் சர்வீஸ் டேகையும் (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கண்ணால் பாருங்கள். டெல் என்றால் அந்த டேகை அவர்களுடைய சப்போர்ட் தளத்தில் போட்டால் உண்மையான மாடல் வந்துவிடும். எந்த அடாப்டரில் ஓட்டிக் காட்டினார்களோ அதையே கையில் வாங்குங்கள். பில்லில் புராசஸர் எண்ணை எழுத மறுக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அதே தெருவில் கேட்காமலே எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை பிரவுசரும் பிரின்ட்டும்தான் என்றால், இன்டெல் என்100 என்ற சாதாரண புராசஸர் போட்ட புது மினி பிசியே போதும். அதற்கு விண்டோஸ் 11 முறைப்படியே கிடைக்கும், வாரண்டியும் புதுப் பொருளுக்கான வாரண்டி.

அக்காவுக்கு இப்போதைக்கு அந்தத் தம்பி தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருக்கிறார். 1915-இலிருந்து பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.