கோல்டு புரூ: ஐந்தா, எட்டா, பதினைந்தா?

ஆறு மாதமாக எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடிச் சாடி குடியிருக்கிறது. கோல்டு புரூ என்றால் காப்பித்தூளைச் சுடவைக்காத தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுவது. 1:5, 1:8, 1:15 என்று மூன்று விகிதங்களிலும் அந்தச் சாடியில் ஊறவைத்துக் குடித்துப் பார்த்துவிட்டேன். இப்போது 1:8-இல் நிற்கிறேன். விகிதம் என்றால் எடைக் கணக்கு: ஒரு கிராம் தூளுக்கு எட்டு கிராம் தண்ணீர். கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். அரைப்பு மாறினால் ஒரு கரண்டித் தூளின் எடையும் மாறும்.

1:15 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாடியிலிருந்து நேரே ஊற்றிக் குடிக்கலாம், கலக்கும் வேலை கிடையாது. ஐஸ் போடாமல் குடிப்பவருக்கு அது போதும்.

1:5 நம் வீடுகளுக்குப் பழக்கமானது. பித்தளை ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாஷனின் குளிர்ந்த உறவினர் என்று சொல்லலாம். பால் எவ்வளவு ஊற்றினாலும் தாங்குகிறது. என் அப்பா பால் இல்லாமல் காப்பியைத் தொடமாட்டார். அவருக்கு மட்டும் இன்றும் 1:5-இல்தான் போடுகிறேன். ஆனால் தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இருமடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 100 கிராம் தூளுக்கு 500 மில்லி ஊற்றினால் கைக்கு வருவது 300 தான். காப்பிச் சாறில் ஐந்தில் இரண்டு பங்கு சக்கையோடு குப்பைக்குப் போகிறது. 1:8-இல் அந்த இழப்பு கால் பங்கு.

என் முடிவைத் தீர்மானித்தது ஐஸ். இந்த ஊரில் மதியம் 31, 32 டிகிரி. மின்விசிறி மட்டும் சுழலும் கூடத்தில், 150 கிராம் காப்பியில் 100 கிராம் ஐஸ் போட்டு, மேசைமீது அரைமணி நேரம் வைத்து எடை பார்த்தேன். மூன்று நாள் பார்த்ததிலும் ஏறத்தாழ 50 கிராம் உருகியிருந்தது. அதாவது 150 கிராம் காப்பி 200 ஆகிவிடுகிறது. 1:15-இல் போட்டது 1:20 போல நீர்த்து, கடைசி மடக்கில் காப்பியின் நினைவுதான் மிஞ்சுகிறது. 1:5 போட்டது 1:7-ஐக்கூட எட்டுவதில்லை. முன்கூட்டியே தண்ணீர் சேர்த்தாக வேண்டும், அவசரக் காலையில் கை அளவு ஒருநாள் போல ஒருநாள் இருப்பதில்லை. 1:8 மட்டும் 1:11-க்குச் சற்று முன்னால் வந்து நிற்கிறது. முதல் மடக்கு கெட்டி, கடைசி மடக்கு இதம். தண்ணீர் சேர்க்கும் வேலையை ஐஸே பார்த்துக்கொள்கிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து குடிப்பவருக்கு ஐஸ் மெதுவாக உருகும். அவர் 1:9, 1:10 என்று இறங்கிப் பார்க்கலாம்.

காப்பியையே ஐஸ் தட்டில் உறையவைத்தால் நீர்க்காதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு முறை செய்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு முறையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

இதெல்லாம் நடுத்தர வறுவல் சிக்மகளூர் அராபிகா வகைக் காப்பியை வைத்துச் சொல்வது. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த நம் ஊர்க் காப்பிக்கடை ரொபஸ்டா வகைத் தூளை ஒரே ஒருமுறை 1:8-இல் ஊறவைத்தேன். கசப்பு தூக்கலாக இருந்தது, அதற்கு இன்னும் தண்ணீர் வேண்டும் என்று தோன்றியது. சிக்கரி கலந்த தூளை நான் இதில் போட்டதில்லை.

தொடங்குகிறவர்கள் இன்றிரவு 75 கிராம் தூளைக் கொரகொரப்பாக அரைத்து, 600 மில்லி தண்ணீரில் கலந்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பதினாறு மணி நேரம் கழித்து வடிகட்டினால் சுமார் 450 மில்லி கிடைக்கும். 150 மில்லி வீதம் மூன்று குவளை.