சக்கரப் பெட்டியா, முதுகுப்பையா?

வழிகாட்டியுடன் பஸ்ஸில் சுற்றும்போது பெரிய பெட்டி பஸ்ஸின் அடியிலுள்ள சாமான் அறைக்குப் போய்விடும். பகல் முழுவதும் கூடவே இருப்பது சிறிய பைதான்.

சக்கரம் வைத்த கேபின் பெட்டி விமான நிலையத்தில் சுகமாக உருளும். ஆனால் காலியாகவே 2 முதல் 3 கிலோ இருக்கும். பல விமான நிறுவனங்கள் கேபினுக்கு அனுமதிப்பதோ 7 கிலோதான். பஸ்ஸில் தலைக்கு மேலுள்ள தட்டு உயரம் குறைந்தது. கெட்டியான பெட்டி பெரும்பாலும் அதில் நுழையாது. கல் பாவிய தெருவிலும் படிக்கட்டிலும் தூக்கத்தான் வேண்டும்.

நைலான் முதுகுப்பை 1 கிலோவுக்குள்ளேயே கிடைக்கிறது. அமுக்கினால் இருக்கைக்கு அடியிலும் அடங்கும். மருந்து, தண்ணீர், மழைச்சட்டை எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே எடுக்கலாம். மார்புப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், தோள் பிழைக்கும். என் ஓட்டு இதற்கே. முதுகுவலி உள்ளவர்கள் மட்டும் சக்கரப் பெட்டியை எடுங்கள். அதிலும் துணிப் பெட்டியே நல்லது.