என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் கார்புரேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள்

பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எத்தனால் என்கிற ஆல்கஹால் கலந்த பெட்ரோல் அதை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் 9,640 ரூபாய் வீணாகப் போனது. பணத்தை விடுங்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு என்ஜினைத் தேவையே இல்லாமல் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்பா 2007-இல் வாங்கிய 100 சிசி பைக் அது. வீட்டுக்கும் வயலுக்கும் கடைத்தெருவுக்குமாக அவருடைய ஓட்டமெல்லாம் அதில்தான். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறைந்ததே கிடையாது. 2025-இல் அது மெல்ல மெல்ல ஐம்பத்திரண்டுக்கு வந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் இன்னும் மோசம். காலையில் பத்துப் பதினைந்து உதை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலேட்டரைத் திருகினால் திணறி அணையும். நிறுத்தி வைத்த இடத்தில் தரையில் பெட்ரோல் சொட்டிச் சொட்டி வட்டமாக நிற்கும். "என்ஜின்ல ஒண்ணும் இல்லடா, மூச்சு விடத்தான் கஷ்டப்படுது" என்றார் அப்பா. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டால் ஒழுங்காகப் பார்ப்பார்கள் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

அங்கே ஐந்து நிமிடம் உறுமவிட்டுக் கேட்டார்கள், அவ்வளவுதான். "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், கம்ப்ரஷன் இல்ல, என்ஜின் உள்ள அழுத்தம் நிக்கல. பிஸ்டன், ரிங் மாத்தி போர் வேலை பண்ணணும்." இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலால் இருக்குமோ என்று கேட்டேன். "அதெல்லாம் சும்மா கிளப்பிவிடுறது சார்." செய்யப் போகும் வேலைகளை எழுதிய ஜாப் கார்டில் அப்பா கையெழுத்துப் போட்டார். பில்லில் 'கார்புரேட்டர் கிளீனிங்' என்று தனியாக ஒரு தொகையும் இருந்தது. ஒன்பதாவது நாள் அதே திணறல், அதே ஒழுகல்.

அப்புறம் கடைத்தெருவில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் என்ஜின் பக்கமே போகவில்லை. பெட்ரோல் டேப்பை அடைத்துவிட்டு, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே இருந்ததை ஒரு காலி மருந்து பாட்டிலில் பிடித்தார். டேங்க் அடியிலிருந்தும் கொஞ்சம் பிடித்துச் சேர்த்து, பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்து முடித்துப் பார்த்தால் பாட்டிலுக்குள் கோடு போட்டது போல இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல், அடியில் ஒரு விரல் தடிமனுக்கு வெளிறிய வேறொரு திரவம். "இதத்தான் தம்பி உங்க என்ஜின் குடிச்சிட்டு இருந்துச்சு" என்றார்.

கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகுகளைக் காட்டினார். திருகின் பள்ளங்களில் பழைய சேறு அப்படியே இறுகிக் கிடந்தது. அதை யாரும் தொட்டதே இல்லை. 'கிளீனிங்' என்று வாங்கிய பணம் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. திறந்தால் உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. கிண்ணம் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றியவர் அதைத் திரும்ப அதன் பள்ளத்தில் வைக்கப் பார்த்தார், உட்காரவில்லை. ஊறிப்போய்ப் பெருத்திருந்தது. புதிய ஓ-ரிங்கைப் பக்கத்தில் வைத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பெட்ரோல் டியூபை அழுத்தினால் விரலில் பிசுபிசு என்று ஒட்டியது.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸில் பேசும்போது உதவும். 2022 ஜூனில் நாடு முழுக்கப் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலப்பை எட்டினார்கள். 2025-இல் அது இருபது ஆனது. இருபதைத் தாங்கும் ரப்பர், உலோகப் பாகங்களோடு வண்டிகள் பொதுவாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். அதற்கு முன் வந்த பல வண்டிகளில் இருப்பது சாதாரண ரப்பர், அது எத்தனாலில் ஊறும். அடுத்தது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்து மறைந்துவிடும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும். ரிசர்வில் வைத்தால் பெட்ரோல் டேப் எடுப்பது அந்த அடிமட்டத்திலிருந்துதான். மூன்றாவது, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்தது போல ஆகிவிடும். கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய வண்டிகளில் சென்சார் பார்த்து ஓரளவு சரிக்கட்டும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

மைலேஜ் விஷயத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும், பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும் குறையலாம் என்று மதிப்பிட்டது. எங்களுக்குக் குறைந்தது அதைவிட எவ்வளவோ அதிகம். மிச்சமெல்லாம் ஒழுகிப் போனது. உங்கள் பைக்கில் நாலைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எத்தனால்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள், எங்கேயோ கசிகிறது அல்லது அடைத்திருக்கிறது.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே வண்டியைத்தான் நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால், நிலத்தடி டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்டை அளவுகோலில் தடவி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் வழக்கமாகப் போடும் பங்கில் கேட்டபோது "எல்லாம் கம்பெனி பெட்ரோல்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அங்கே போவதை நிறுத்திவிட்டோம். வண்டி இரண்டு வாரம் நிற்கப் போகிறது என்றால் டேப்பை அடைத்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் மிஷின் வைத்திருக்கிறவர்களுக்கும் இதுதான். அவை மாதக்கணக்கில் சும்மா கிடப்பவை.

மெக்கானிக் அண்ணன் டேங்கைக் கழுவி, ஓ-ரிங், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஃப்ளோட் நீடில், எத்தனால் தாங்கும் டியூப், ஃபில்டர், பிளக் மாற்றி, பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டார். கூலியோடு 860 ரூபாய். இப்போது லிட்டருக்கு ஐம்பத்தெட்டு வருகிறது. முன்பு வெளுத்துப் போயிருந்த பிளக் முனை இப்போது லேசான பழுப்பாக இருக்கிறது, கலவை சரியாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

சர்வீஸ் சென்டருக்குப் பில்லோடு போனேன். ஜாப் கார்டில் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். அப்படியானால் கழற்றிய பழைய பிஸ்டனைக் காட்டுங்கள், தேய்மானம் இருக்கிறதா பார்க்கலாம் என்றேன். ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது என்று பதில். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். திருகுகளில் சேறு இருந்ததை அண்ணன் திறப்பதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார், அதையும் இணைத்திருக்கிறேன்.