கடைப் பெயர் போட்ட சோஸும் ஜாமும்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

மாங்குளத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தேநீர்க் கடை இருக்கிறது. பின்னேரத்தில் றோல்ஸ், கட்லட், பற்றிஸ் போடுகிறோம். சோஸ் வைக்காவிட்டால் றோல்ஸை யாரும் தொடமாட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள், காலையில் பெரும்பாலும் பாணும் ஜாமும்தான். ஆகவே இந்தப் போத்தல்களுக்குப் போகிற காசு எங்களுக்குப் பெரிய காசு. 2022இல் சாமான் விலை எப்படி ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். ஏறியது பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும்போதெல்லாம், சுப்பர் மார்க்கெட்காரர் தங்கள் சொந்தப் பெயரை ஒட்டி மலிவாக விற்கிற போத்தல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பாவித்துப் பார்க்கத் தொடங்கியது அதனால்தான்.

எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. இந்தச் சாமான்களைக் கடைக்காரர் தாங்களே செய்வது குறைவு. வேறு தொழிற்சாலை செய்து கொடுக்கும், இவர்கள் லேபலை ஒட்டுவார்கள். ஒரே கடையின் சோஸ் ஓர் இடத்திலும் ஜாம் இன்னோர் இடத்திலும் செய்ததாக இருக்கலாம். போத்தலின் பின்பக்கத்தில் தயாரித்தவர் விலாசத்தைத் தேடிப் பார்த்தால் விளங்கும். ஆகவே ‘அந்தக் கடைச் சாமான் நல்லது, இந்தக் கடைச் சாமான் கூடாது’ என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. போத்தல் போத்தலாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரே வழி, பின்பக்கத்தில் உள்ளடக்கத்தைப் படிப்பது. எது கூட இருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று சொற்களைப் படித்தால் போதும், போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். முன்பக்கத்துப் படத்தை நம்ப வேண்டாம்.

தக்காளி சோஸில் தொடங்குகிறேன். கடைக்கு அதிகம் போவது அதுதான். நான் வாங்கிய மலிவுப் போத்தலில் முதலில் நீர், இரண்டாவது சீனி, மூன்றாவதாகத்தான் தக்காளிக் கூழ். அதற்குப் பிறகு 1422 என்ற இலக்கம். அது மாற்றம் செய்த மாப்பொருள், சோஸைத் தடிப்பாக்கப் போடுவது. மூத்தவன் சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். விஞ்ஞானத்தில் மாப்பொருள் சோதனை படித்த கையோடு, “அம்மா, சோஸிலயும் செய்து பாப்பம்” என்றான். ஒரு வெள்ளைப் பீங்கானில் மலிவு சோஸில் ஒரு கரண்டி, விலை கூடிய பெயர்பெற்ற சோஸில் ஒரு கரண்டி, வீட்டில் தக்காளியை அவித்து வடித்ததில் ஒரு கரண்டி வைத்தோம். ஒவ்வொன்றிலும் அயடீன் ஒரு சொட்டு. வீட்டுத் தக்காளியில் அயடீன் தன் மண்ணிறத்திலேயே நின்றது. மலிவு சோஸ் விளிம்பிலிருந்து உள்ளே கருநீலமாக மாறிக்கொண்டு வந்தது. நான் எதிர்பாராதது, விலை கூடிய போத்தலும் ஊதா நிறம் காட்டியதுதான். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் போத்தலையும் திருப்பிப் பார்த்தேன், அதே 1422 அதிலும் இருந்தது.

அன்றிலிருந்து சோஸில் பெயருக்குக் காசு கொடுப்பதில்லை. இரண்டிலும் மாப்பொருள்தான் என்றால், மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வருவதை ஏன் விட வேண்டும்? கடையில் அதைத்தான் வைக்கிறோம். சுவையில் இனிப்பு ஒரு பிடி கூட. அதை நானே சரிப்படுத்துகிறேன்: ஒரு சட்டியில் கொட்டி, இடித்த உள்ளி, மிளகுத்தூள், கொஞ்சம் வினாகிரி சேர்த்து ஒரு கொதி விட்டு ஆறவைப்பேன். ஒரு முறை வழக்கமாக வருகிற லொறிக்காரத் தம்பி கேட்டார், “அக்கா, சோஸ் மாத்திப்போட்டியளோ? முந்தியை விட நல்லாயிருக்கு.” அந்தச் சொல் எனக்குப் போதும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தட்டில் ஊற்றின சோஸைச் சுற்றி மெல்லிய நீர் வளையம் வந்தால் அது கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். தடிப்பாக்குகிற சாமான் குறைந்த சோஸில் நீர் அப்படிப் பிரிவது இயல்பு. மாப்பொருளும் 415 இலக்கப் பசையும் போட்ட சோஸ் பளபளவென்று குவிந்தபடியே நிற்கும். நீர் பிரிந்த போத்தலைக் குலுக்கிவிட்டுப் பாவியுங்கள், அதை வேண்டாமென்று ஒதுக்காதீர்கள்.

சில்லி சோஸ் மலிவிலேயே நல்லது. உறைப்பும் புளிப்பும் உள்ளியும் சேர்ந்தால் கூழ் எவ்வளவு என்று நாக்குத் தேடுவதில்லை. சோயா சோஸ் வேறு கதை. சோயா அவரையை மாதக்கணக்கில் புளிக்க வைத்து எடுப்பது உண்மையான சோயா சோஸ். மலிவுப் போத்தலில் பெரும்பாலும் தாவரப் புரதத்தை அமிலத்தால் உடைத்து, கரமல் நிறமும் உப்பும் சேர்த்திருப்பார்கள். கொத்துக்கும் பிறைட் ரைஸுக்கும் அது போதும். சூப்பில் ஊற்றினால் ஒரு கசப்பு நிற்கும். வினாகிரியில் ‘செயற்கை’ என்று எழுதியிருந்தால் அது அசற்றிக் அமிலத்தில் நீர் கலந்தது. கழுவுவதற்கும் சோஸ் காய்ச்சுவதற்கும் சரி. அச்சாறுக்குத் தென்னங்கள்ளு வினாகிரியே வாங்குங்கள், அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மயோனீஸ் எங்கள் வெயிலுக்கும், மின்சாரம் போய்ப் போய் வருகிற குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒத்துவராது. வாங்குவதே இல்லை.

இனி ஜாம். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

மலிவுக் கலவைப் பழ ஜாமின் முன்பக்கத்தில் ஸ்ட்ரோபெரி, திராட்சை, அன்னாசி, ஆப்பிள் எல்லாம் பனித்துளியோடு படத்தில் இருக்கின்றன. பின்பக்கத்தில் சீனி, நீர், பப்பாசிக் கூழ், பிறகு நிறம், வாசனை. பப்பாசி கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் வளவிலும் நிற்கிறது, நல்ல பழம். ஆனால் பப்பாசியை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோபெரிப் படம் போடுவது பிள்ளைகளை ஏய்க்கிற வேலை. ஜாமுக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம் இருக்கிறது. 2009இல் வந்த அந்த நியமம் பொதுவாக 45 வீதம், இல்லாவிட்டால் 35 வீதமாவது பழம் வேண்டும் என்கிறது. பழம் எத்தனை வீதம் என்று போடாத போத்தலை நான் இப்போது கடைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிடுகிறேன். கரண்டியால் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். பழக் கூழ் உள்ள ஜாம் சூடான பாணில் மெல்ல இளகிப் பரவும், நார் தெரியும். இந்த மலிவு ஜாம் ஜெலி மாதிரி வெட்டிக்கொண்டு வந்து, பாண் மேல் கட்டி கட்டியாகச் சறுக்கியது. சின்னவள் கட்டிகளை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுப் பாணை வைத்துவிட்டாள்.

ஆனால் அதே தட்டில், அதே லேபலில், விளாம்பழ ஜாம் என்று ஒரு போத்தல் இருந்தது. விலையும் கிட்டத்தட்ட அதே. உள்ளடக்கத்தில் சீனிக்கு அடுத்ததாக விளாம்பழக் கூழ், பிறகு ஓர் அமிலம், அவ்வளவுதான். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடியைத் திறந்தால் அந்தப் புளித்த, கொஞ்சம் கள்ளு மாதிரியான மணம் அப்படியே மூக்கில் ஏறியது. நாக்கில் சின்னச் சின்ன நறநறப்பு. விளாம்பழத்தில் இயற்கையாகவே பெக்டின் நிறைய இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. ஜாம் இறுகுவதற்கு வேண்டிய இரண்டையும் பழமே கொண்டுவருகிறது, செயற்கையாகச் சேர்க்க வேண்டிய தேவை குறைவு. விளாமரம் எங்கள் வரண்ட மண்ணில் தானாக நிற்கிற மரம். ஊரில் பழம் உதிர்ந்து கிடந்து ஆடு மாடு தின்னும், நாங்கள் ஸ்ட்ரோபெரி வாசனைக்குக் காசு கொடுப்போம். இந்த ஒரு போத்தலுக்காகவே அந்தத் தட்டுப் பக்கம் போகலாம். பாணுக்கு மட்டுமல்ல, தேங்காய்ப்பாலில் கரைத்துக் குடிக்கவும் நல்லது.

ஜாமில் 60, 65 வீதம் கரைந்த சீனி இருப்பதால்தான் அது குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியேயும் தாங்குகிறது. ‘சீனி குறைந்தது’ என்று எழுதிய ஜாமைத் திறந்தால் குளிரில் வையுங்கள். எந்த ஜாம் என்றாலும் ஈரக் கரண்டி போடக் கூடாது.

சொக்லேட் ஸ்பிரெட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் தொலைபேசியில் பார்த்துவிட்டுக் கேட்பது நுட்டெல்லா. இத்தாலியின் பெரேரோ கம்பனி 1964இல் கொண்டுவந்தது. அதிலேயே ஹேசல் பருப்பு 13 வீதம்தான், முதலிரண்டு இடமும் சீனிக்கும் பாம் எண்ணெய்க்கும். மலிவுப் போத்தலில் அந்தப் பருப்பே இல்லை. சீனி, தாவரக் கொழுப்பு, கொஞ்சம் கொக்கோ, வாசனை. சித்திரை வெயிலில் இரண்டு நாள் மேசையில் நின்றது, மேலே ஒரு விரல் எண்ணெய் மிதந்தது. வாயில் வைத்தால் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியது. இதை வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

அதற்குப் பதிலாகக் கச்சான் பட்டரை எடுங்கள். நான் மலிவில் வாங்கிய போத்தலில் முதல் சொல்லே கச்சான். பிறகு சீனி, உப்பு, எண்ணெய் பிரியாமல் இருக்க ஒரு கொழுப்பு. அமெரிக்காவில் 90 வீதம் கச்சான் இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று சட்டமே இருக்கிறது. இந்தப் போத்தலிலும் 90 என்று அச்சடித்திருந்தார்கள். கச்சானில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவில் புரதம். வளர்கிற பிள்ளைக்கு ஜாமை விட இது எவ்வளவோ மேல். வறுத்த மணம் மட்டும் கொஞ்சம் குறைவு. அது வேண்டுமென்றால் எங்களுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது: முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது வாங்குகிற மணலில் வறுத்த கச்சானை உடைத்து, தோலை ஊதிவிட்டு, மிக்ஸியில் ஓடவிடுங்கள். முதலில் மாவாகும், பிறகு உருண்டையாகும். அதோடு கைவிடாமல், விட்டு விட்டு ஓட்டினால் அதன் எண்ணெயிலேயே இளகிக் குழம்பாகும். உப்பு ஒரு கிள்ளு. பாதிக்குப் பாதி இதையும் கடைப் பட்டரையும் கலந்து வைக்கிறேன், மூத்தவன் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் கொண்டுபோகிறான்.

‘கித்துள் பாணி’ என்று மலிவில் விற்பதை நன்றாகப் படியுங்கள். நான் பார்த்ததில் ‘கித்துள் சுவையூட்டி’ என்றுதான் இருந்தது, மற்றதெல்லாம் சீனிப் பாகு. கித்துள் ஈரமான மலைப் பக்கத்து மரம், நல்ல பாணிக்கு நல்ல விலைதான் வரும். எங்களுக்குப் பனங்கட்டி இருக்கிறது. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சோஸும் ஜாமும் நாங்கள் கண்டதில்லை, 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் அவை லொறியில் வந்து இறங்கின. அதுவரை இனிப்பு என்றால் பனங்கட்டியும் பனாட்டும்தான். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கக் கடையில் குட்டான் பனங்கட்டி கிடைத்தால் வாங்கி, கொஞ்ச நீரில் காய்ச்சி வடித்துப் போத்தலில் விடுங்கள். ரொட்டிக்கும் தயிருக்கும் அதற்கு மேல் பாணி இல்லை.

தேனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தண்ணீரில் விடுவது, கடதாசியில் தடவுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, இவை ஒன்றும் கலப்படத்தைக் காட்டாது. கடைப் பெயர் போட்ட தேனானாலும் காட்டில் எடுத்துச் சாராயப் போத்தலில் தருகிற தேனானாலும், தெரிந்த கையிடம் வாங்குவதுதான் வழி. எது வாங்கினாலும் ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்காதீர்கள், சேனை வைப்பதற்கும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். இதை அம்மம்மாமாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.